வண்ணாரப்பேட்டை 486: போர்டில் இருந்த பச்சையும் கோப்பில் இருந்த தமிழும்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் சித்தப்பா நடத்திய டிடிபி (கணினியில் அடித்துப் பக்கம் கட்டித் தரும்) கடையின் முதல் கணினியை மறுபடியும் ஓடவைத்த வேலையின் பதிவு இது. இன்டெல் 486 டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ். 8 எம்பி ரேம், 420 எம்பி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 3.1, பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கர் 5. நான் முதன்முதலில் தொட்ட கணினியும் அதுதான்.

பார்வைக்கு வைக்க வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. எங்கள் தெருப் படிப்பகம் 1997இல் போட்ட ஆண்டு மலர் முழுவதும் இந்தக் கணினியில்தான் அடித்து, பக்கம் கட்டி, அச்சுக்குப் போனது. பி அண்டு சி நெசவு மில்லில் வேலை பார்த்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் வலை பின்னியவர்கள் என்று பேட்டைக்காரர்களே எழுதிய கட்டுரைகள். எழுதியவர்களில் பலர் இப்போது இல்லை. முழுப் பிரதி யாரிடமும் கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் கிழிந்துபோன ஒரு பிரதிதான் மிச்சம். மற்றதெல்லாம் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

கடை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கேரம் போட்டி நோட்டீஸ், இதுதான் அன்றாடப் பிழைப்பு. கணினி இருந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. வேலை முடிந்ததும் சித்தி தைத்த துணி உறையைப் போட்டு மூடிவிடுவார்கள். ஸ்விட்சைப் போட்டால் மெமரியை எண்ணிக்கொண்டே டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் கறுப்புத் திரை. அதில் 'வின்' என்று அடித்தால்தான் விண்டோஸ் திறக்கும். முன்பக்கத்தில் 66 என்று பச்சை எண் எரியும். சின்ன வயதில் அதைக் கணினியின் வேகமானி என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது எதையும் அளப்பதில்லை. பின்பக்கத்து ஜம்பர்கள் என்ற குட்டி இணைப்புகளை எப்படி வைக்கிறோமோ அந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். பக்கத்திலிருந்த டர்போ பொத்தான் வேகத்தைக் கூட்டுவதற்கு என்று பெயர். அது உண்மையில் பயன்பட்டது குறைப்பதற்குத்தான். பிராசஸரின் வேகத்தை நம்பியே எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் 486இல் கண்மண் தெரியாமல் ஓடும். அவற்றுக்காக வேகத்தை இறக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் விதி: ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்று. பழைய கணினி கையில் கிடைத்தவுடன் ஸ்விட்ச் போட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கெட்டுப்போய், 5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் 7 கொடுத்தால் டிஸ்க்கின் எலக்ட்ரானிக்ஸ் போர்டு போய்விடும். அதனால் டிஸ்க்கை மட்டும் கழற்றி, என்னிடம் நல்ல நிலையில் இருக்கும் ஒரு பென்டியம் 4 கணினியின் ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க் கேபிளில் மாட்டினேன். யுஎஸ்பி அடாப்டர் போதாதா என்றால், இந்த வயது டிஸ்க்குகளில் பலவற்றோடு அந்த அடாப்டர்கள் பேசுவதில்லை. பழைய டிஸ்க் தன் இடங்களை சிலிண்டர், ஹெட், செக்டார் என்ற முறையில் எண்ணும். அடாப்டர்கள் எல்பிஏ என்ற தொடர் எண் முறையை எதிர்பார்க்கும். நிஜமான ஐடிஇ போர்ட் உள்ள மதர்போர்டு ஒன்றை இதற்காகவே வைத்துக்கொள்வது நல்லது.

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் 826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்று அச்சடித்திருந்தது. மூன்றையும் பெருக்கி, செக்டாருக்கு 512 பைட் என்று மறுபடி பெருக்கினால் 42 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் பைட் வரும். அதுதான் 420 எம்பி. இப்போது கைப்பேசியில் 4கே தரத்தில் ஒரு நிமிடம் படம் எடுத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் போய்விடும். அதற்குள் ஒரு கடையின் பல வருட உழைப்பு முழுவதும் அடங்கியிருந்தது.

மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் உயரும் சுருதியில் சுழன்று நிலைபெற்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சித்தப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். இந்தக் கருவியின் நல்ல குணம், படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். நல்ல பகுதியெல்லாம் பத்திரமான பிறகு, கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சுரண்டிப் பார்க்கும். மேப் கோப்பு ஒன்றையும் கூடவே கொடுக்க வேண்டும். அது இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசியில் படிக்கவே முடியாமல் சில செக்டார்கள் மட்டும் நின்றன. அவை எங்கே விழுந்தன என்பது பின்னால் வரும்.

டிஸ்க்கை எடுத்து வைத்தாயிற்று. அடுத்து மதர்போர்டு.

இந்தக் காலத்து போர்டுகளில் நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க நாணயம் போன்ற சிஆர்2032 செல் இருக்கும். 486 காலத்தில் பெரும்பாலும் நீல உறை போட்ட உருளை வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி, 3.6 வோல்ட், போர்டிலேயே சால்டர் செய்து வைத்திருப்பார்கள். அந்தத் தலைமுறை போர்டுகளைக் கொன்றது தூசியும் அல்ல, மின்னலும் அல்ல, இந்தப் பேட்டரிதான். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெளியே வரும். செம்புப் பாதையைத் தொட்டால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். எங்கள் போர்டில் பேட்டரியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை. போதாக்குறைக்குக் கடலோர உப்புக்காற்று. காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் அந்தக் காற்றில் கிரில் கம்பியே நிற்காது, சிப்பின் மெல்லிய கால்கள் எம்மாத்திரம்?

கசிந்தது காரம், ஆகவே அதைச் சமன்செய்ய அமிலம் வேண்டும். சமையலறை வினிகரே போதும். சிலர் சோடா உப்பைக் கரைத்துத் தடவச் சொல்வார்கள். அது அமிலம் கசியும் லெட் ஆசிட் பேட்டரிக்கான வைத்தியம், இங்கே உதவாது. முதலில் பேட்டரியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். பழைய டூத் பிரஷ்ஷில் வினிகரைத் தொட்டுத் தேய்த்தேன், நுரைப்பது நிற்கும்வரை. பிறகு சுத்தமான தண்ணீர், அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயும்வரை. ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதற்குச் சும்மா இருக்கலாம்.

காய்ந்த பிறகுதான் சேதம் தெரிந்தது. பேட்டரி இருந்த இடம் கீபோர்டு சொருகும் வட்ட வடிவ டின் சாக்கெட்டுக்கும் கீபோர்டு கன்ட்ரோலர் சிப்புக்கும் நடுவில். அந்த இரண்டையும் இணைக்கும் பாதைகளில்தான் அரிப்பு அதிகம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு பாதையாக இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்தேன். சத்தம் வராதவை அறுந்தவை. சித்தப்பாவுக்கு இந்த முறை மிகவும் பிடித்துவிட்டது. "இதுல என்னடா ரகசியம், ஒயர் அறுந்துருக்கு, ஒயர் போட்டா முடிஞ்சுது" என்றார். உண்மைதான். 30 கேஜ் மெல்லிய ஒயரால் அறுந்த பாதைகளுக்குப் பக்கத்திலேயே புதிய பாதை போட்டு, மேலே நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்யலாம்.

புது பேட்டரிக்கு ஒரு எச்சரிக்கை. பழைய நிக்கல் காட்மியத்தை போர்டே சார்ஜ் செய்யும். அந்த இடத்தில் சிஆர்2032ஐ நேரடியாக வைத்தால், சார்ஜ் ஏற்றக்கூடாத அந்த செல்லுக்குள் மின்சாரம் பாய்ந்து உப்பிப் போகும், வெடிக்கவும் செய்யலாம். நடுவில் ஒரு டயோடு வைக்க வேண்டும், செல்லிலிருந்து போர்டுக்கு மட்டும் ஓட்டம் இருக்கும்படி. சாதாரண சிலிக்கன் டயோடு 0.6 வோல்ட்டைத் தின்றுவிடும். 3 வோல்ட் செல்லுக்கு அது பெரிய இழப்பு. ஷாட்கி டயோடு அதைவிடக் குறைவாகத்தான் தின்னும். செல்லை போர்டில் வைக்காமல், ஒயர் நீட்டி கேபினெட் சுவரில் ஒட்டிவிட்டேன். மறுபடி எதுவும் கசிந்தாலும் போர்டுக்கு வராது.

இந்தச் சின்ன சாமான்கள் எல்லாம் ரிச்சி தெருவில்தான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடை. சித்தப்பா காலத்தில் ஒரு ரிப்பன் கேபிள் வாங்கவே பஸ் மாறிப் போய் அரை நாள் தொலைப்பார்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் யாரும் அவசரப்படக்கூடாது. பழைய ஏடி வகையில் முன்பக்க ஸ்விட்சுக்கே நேரடியாக 230 வோல்ட் வரும். அந்தத் தடித்த கேபிளின் மேல்தோல் வெடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே முதன்மைப் பக்கத்தில் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றும்போது அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தேங்கி நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வெளியீட்டுப் பக்கத்தில் 5 வோல்ட் வழியிலிருந்த கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. 105 டிகிரி தாங்கும் புதியவற்றை மாற்றினேன்.

சோதிக்கும்போது சீரிஸ் பல்ப். நம் எலக்ட்ரீஷியன்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை. மெயின் லைனுக்கு நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டிவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும், வேறெதுவும் புகையாது. எல்லாம் சரியென்றால் ஒரு நொடி மின்னி அடங்கிவிடும். எங்களுடையது மின்னி அடங்கியது. ஏடி எஸ்எம்பிஎஸ்களில் பல, சுமை இல்லாமல் ஓடாது. உதவாத ஒரு சிடி டிரைவை மாட்டி 5 வோல்ட்டை அளந்தேன். 4.75க்கும் 5.25க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தது. போர்டுக்குப் போகும் பி8, பி9 என்ற இரண்டு பிளக்குகள் மாறிச் சொருகினாலும் உள்ளே போய்விடும், போர்டும் போய்விடும். கறுப்பு ஒயர்கள் நான்கும் நடுவில் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதே கணக்கு. கடை நடத்திய நாளில் கற்றதை சித்தப்பா மறக்கவில்லை. நான் பிளக்கைக் கையில் எடுக்கும்போதே "கறுப்போட கறுப்பு" என்றார்.

ஸ்விட்ச் போட்டதும் மூன்று குட்டி பீப். கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான ஏஎம்ஐ பயோஸில் அதற்கு அடிப்படை மெமரியில் கோளாறு என்று பொருள். ரேமின் தொடு முனைகளை அழி ரப்பரால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, மறுபடி சொருகினேன். ஒரே பீப், திரையில் எழுத்து. பழைய மானிட்டர் எப்போதோ போய்விட்டதால் ஒரு எல்சிடி மானிட்டரை மாட்டியிருந்தேன். 1987இல் வந்த விஜிஏ சாக்கெட் அதிலும் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

அந்த மூன்று பீப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணினி தன் கோளாறு எங்கே என்று வாய்விட்டுச் சொன்னது. நான் அந்த இடத்தைத் துடைத்தேன், சரியானது. போன வருடம் என் லேப்டாப்பில் ரேம் கெட்டது. ரேமை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள், ஆகவே போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள் சர்வீஸ் சென்டரில். 486 சிப்பில் சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள். 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1600 கோடி. அந்த நெருக்கத்தில்தான் இன்றைய வேகமும், கையில் பிடிக்கும் எடையும், மணிக்கணக்கில் நிற்கும் பேட்டரியும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் ரேமைப் பற்றவைப்பதும் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவதும் செய்பவர்களின் தேர்வு. பழுது பார்க்கும் உரிமையை வாங்கியவரிடமிருந்து பிடுங்குவதாகவே அதைப் பார்க்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 1 ஜிபி சிஎஃப் கார்டு ஒன்றை வைத்தேன். பழைய கேமராக்களில் போடும் அந்தக் கார்டுக்கு ஐடிஇ மொழியே தெரியும், ஒரு மலிவான இணைப்பான் போதும். டிஸ்க்கின் பிரதியை அதில் எழுதி, பயோஸில் 826, 16, 63 என்று கையால் அடித்துக்கொடுத்தேன். டாஸ் வந்தது. சித்தப்பா 'வின்' அடித்தார். விண்டோஸ் திறந்து, பேஜ்மேக்கர் திறந்து, மலரின் முதல் பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாகத் திரையில் விரிந்தது. தமிழில்.

இதை, பழைய டாஸ் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் போட்டு லேப்டாப்பிலேயே பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தமிழ் அடிக்கக் கடையில் வைத்திருந்த மென்பொருள் தொகுப்பு, பிரிண்டர் போர்ட்டில் லாக் என்ற பூட்டுக் கருவியைச் சொருகினால்தான் வேலை செய்யும். கணினியோடு அந்த லாக்கையும் சித்தி ஒரு மாத்திரை டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்.

பேஜ்மேக்கரிலிருந்து கட்டுரைகளை வெறும் உரையாக ஏற்றுமதி செய்து 1.44 எம்பி பிளாப்பியில் எடுத்து லேப்டாப்புக்குக் கொண்டுவந்தேன். பழைய பிளாப்பிகளைத் தொடாதீர்கள், பூஞ்சை பிடித்த ஒன்றைச் சொருகினால் டிரைவின் தலை பாழாகும். லேப்டாப்பில் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும், பிரெஞ்சுக் குறியும், அடைப்புக்குறியுமாக ஒரு குவியல்.

காரணம் இதுதான். அன்றைய கணினிக்குத் தமிழ் தெரியாது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 256 இடங்கள்தான். அதில் கட்டுப்பாட்டுக் குறிகளும் ஆங்கிலமும் போக மிச்சம் குறைவு. தமிழில் கு, கூ வரிசைகள் ஒவ்வொரு மெய்க்கும் தனி வடிவம் என்பதால், வடிவங்களை எண்ணினாலே நூறைத் தாண்டும். எனவே ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும். இன்னொரு தொகுப்பில் அதே சொல் வேறு மாதிரி தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியீடுகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. எங்கள் மலர் அதற்கு இரண்டு வருடம் மூத்தது.

முதலில் தயாராகக் கிடைக்கும் மாற்றிகளில் போட்டுப் பார்த்தேன். எதற்கும் இந்தத் தொகுப்பு பொருந்தவில்லை. ஆனால் டிஸ்க்கின் பிரதிக்குள், விண்டோஸின் சிஸ்டம் அடைவில், அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பு இருந்தது. அதுதான் சாவி. எழுத்துருவைத் திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்தால் எந்த எண்ணில் எந்த வடிவம் என்று கட்டம் கட்டமாகத் தெரிகிறது. சித்தப்பா பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் எண்ணுக்கு எழுத்து என்று பட்டியல் போட்டேன். அவர் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். சில குட்டி வடிவங்கள் எதற்கு என்று எனக்குப் புரியாதபோது, அது எந்த எழுத்தோடு ஒட்டும் என்று அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பட்டியலை வைத்து பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். கோப்பை உரையாகத் திறக்காமல் பைட்டாகவே படிக்க வேண்டும், இல்லாவிட்டால் லேப்டாப் தன் அறிவைக் காட்டி எழுத்தை மாற்றிவிடும். வெறும் எண் மாற்றம் மட்டும் போதாது. பழைய எழுத்துரு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடு உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கும்: முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. எனவே கொம்புகளையெல்லாம் பிடித்து அடுத்த மெய்யின் பின்னால் நகர்த்த வேண்டும், பின்னால் கால் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

மிகவும் படுத்தியது ஔகாரம். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், ஒரே எண். 'பௌர்ணமி'யில் வருவதும் 'தெளிவு' என்பதில் வருவதும் கணினிக்கு ஒன்றுதான். கொம்பு போட்ட மெய்யை அடுத்து வரும் ளவுக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரம், ஒன்றும் இல்லாவிட்டால் ஔகாரம் என்று ஒரு விதி வைத்தேன். பெரும்பாலும் சரியாக வந்தது. சந்தேகமானவற்றை நிரல் தனியே பட்டியல் போட்டுத் தரும், கண்ணால் பார்த்துத் தீர்த்தோம். இன்னொன்று: 160ஆம் எண்ணில் ஒரு தமிழ் வடிவத்தை வைத்திருந்தார்கள். பல மென்பொருள்களுக்கு அது வெறும் இடைவெளி. அந்த எழுத்து வரும் இடமெல்லாம் ஓட்டை விழுந்ததற்குக் காரணம் அதுதான் என்று கிழிந்த பிரதியோடு ஒப்பிட்டபோது தெரிந்தது.

இந்த வேலை முழுவதிலும் என்னை விடாமல் பிடித்திருந்த எண்ணம் ஒன்று. அன்று கணினியின் உடம்பு திறந்திருந்தது. வினிகரும் ஒயரும் இருந்தால் எங்கள் மொட்டை மாடியிலேயே சரிசெய்ய முடிந்தது. எழுத்து பூட்டிக் கிடந்தது. ஒரு கடையில் அடித்த தமிழை அடுத்த கடையில் திறக்க முடியாது. இன்று அப்படியே தலைகீழ். உடம்பைப் பூட்டிவிட்டார்கள். எழுத்து திறந்துவிட்டது. மீன் மார்க்கெட்டில் ஒருவர் கைப்பேசியில் அடிக்கும் தமிழை உலகத்தின் எந்தக் கருவியும் படிக்கும். இரண்டு திறப்பையும் ஒரே கணினியில் நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டால் கிடைக்காத ஒன்று அல்ல அது.

மலரின் கட்டுரைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் முழுதாக வந்துவிட்டன. படிக்க முடியாத செக்டார்கள் விழுந்தது, மில்லில் நெசவுப் பகுதியில் இருந்த ஒருவர் எழுதிய கட்டுரையின் மேல். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றித் தன் தகப்பனார் சொல்லக் கேட்டதையும், மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத் தெருவே சோறு வடித்ததையும் அதில் எழுதியிருக்கிறார். நல்லவேளையாகக் கிழிந்த பிரதியில் அந்தப் பக்கங்கள் இருந்தன. விட்டுப்போன பத்திகளை சித்தப்பாவே அடித்தார், லேப்டாப்பில், அவருக்குப் பழகிய டைப்ரைட்டர் விசை அமைப்பைப் போட்டுக்கொண்டு.

இப்போது மெய்ப்புப் பார்க்கும் வேலை நடக்கிறது. படிப்பகத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கட்டுரை எடுத்திருக்கிறார்கள். 90களின் டிடிபி கடைக் கணினி யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், முதலில் அந்த உருளை பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். டிஸ்க்கைத் தனியே பிரதி எடுங்கள். அதில் டிடிஎஃப் கோப்புகளைத் தேடி, கட்டுரைகளோடு சேர்த்தே வையுங்கள். எழுத்துரு இல்லாமல் கட்டுரை மட்டும் கிடைத்தால், மாற்றுப் பட்டியலை ஊகித்து ஊகித்துத்தான் போட வேண்டியிருக்கும்.